பார்க்கின்சன் அசைவுக் கோளாறு: எந்த ஏற்பியைத் தூண்டுகிறோம், எதைத் தெரியாமல் அடைக்கிறோம்?

தொட்டபெட்டா2637 (இழையைத் தொடங்கியவர், பொது மருத்துவம், கோத்தகிரி)

நீலகிரியில் பார்க்கின்சன் உள்ளவர்கள் பலர் சில மாதங்களுக்கு ஒருமுறை கோவைக்கு இறங்கி நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் தேடி வருவது இங்கே இருக்கும் பொது மருத்துவரையும் மருந்துக் கடையையும்தான். சீட்டில் லெவோடோபா, பிராமிபெக்சோல், அமன்டடின், டிரைஹெக்சிஃபெனிடில் என்று நான்கு மருந்து இருக்கும். நான்கும் மூளையில் தொடும் இடம், அதாவது ஏற்பி (நரம்பணுவில் வேதிச் செய்தியை வாங்கும் இடம்), வேறு வேறு. ஒன்றைக் கூட்டினால் எது சரியாகும், எது கெடும் என்று தெரிந்தால்தான் இடையில் நாம் ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியும்.

மந்தம், நடுக்கம், மருந்தின் வேகம் இறங்கும்போது வரும் விறைப்பு, வேகம் ஏறும்போது வரும் நெளிவு, நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்வது. இந்த ஐந்தும் ஒரே கோளாறு இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். பாடப் புத்தகத்தில் இருப்பதை விட, நாளை காலை நோயாளி முன்னால் உட்கார்ந்தால் பயன்படுவதாக இருக்கட்டும்.

மருந்தியல்_வாத்தியார்

முதலில் மூளையின் அசைவுச் சுற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றவை அதிலிருந்துதான் வரும்.

மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையாட்டத்தில் இரண்டு வகை நரம்பணுக்கள். ஒன்றில் டி1 ஏற்பி, மற்றதில் டி2 ஏற்பி. டோபமின் (நரம்பணுக்கள் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்) டி1-ஐத் தொட்டால் அணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் கூடி அது சுறுசுறுப்பாகிறது. அசைவுக்கு வழிவிடும் நேர்வழி இதுதான். டி2-ஐத் தொட்டால் சைக்ளிக் ஏஎம்பி குறைந்து அந்த அணு அடங்குகிறது. அசைவைப் பிடித்து நிறுத்தும் சுற்றுவழி அதனால் தளர்கிறது. அதாவது டோபமின் ஒன்றை ஏற்றுகிறது, ஒன்றை இறக்குகிறது, இரண்டின் பலனும் அசைவு எளிதாவதுதான். டோபமினைத் தயாரிக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் அணுக்கள் அழிந்து டோபமின் குறைந்தால் நேர்வழி சோர்கிறது, சுற்றுவழி கட்டுப்பாடின்றி ஓங்குகிறது. அந்தச் சுற்றுவழியில் இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் ஓயாமல் துடிப்புகளை அனுப்புகிறது. நோயாளி மந்தமாகிறார். 1989, 1990-இல் ஆல்பின், டிலாங் ஆகியோர் கொடுத்த இந்தப் படம் மந்தத்தையும் விறைப்பையும் நன்றாக விளக்குகிறது. நடுக்கத்தை அவ்வளவு நன்றாக விளக்குவதில்லை. அதனால்தான் லெவோடோபா கொடுத்ததும் மந்தம் விலகி, நடுக்கம் மட்டும் சிலருக்கு விலகாமல் இருக்கிறது.

இதே டி2 அணுக்களின் மேல் இன்னொரு ஏற்பி உட்கார்ந்திருக்கிறது: அடினோசின் ஏ2ஏ. டி2 இறக்குவதை இது ஏற்றுகிறது. டோபமின் போன பிறகு எதிர்ப்பில்லாமல் ஏ2ஏ ஓங்குகிறது. டோபமினைத் தொடாமல் ஏ2ஏ-வை மட்டும் அடைத்தாலும் சுற்றுவழி கொஞ்சம் அடங்கும் என்பதுதான் அதை இலக்காக்கியதன் காரணம்.

மிச்சம் மூன்று: குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பி, அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் ஏற்பி, செரட்டோனின் ஏற்பிகள். அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

நரம்பு_கோவை

வாத்தியார் சார் சொன்னதை மருந்துக்கு மாற்றுகிறேன்.

லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாகவே மாறுவதால் டி1 முதல் டி5 வரை எல்லாவற்றையும் தொடுகிறது. பிராமிபெக்சோல், ரோப்பினிரோல் இரண்டும் டி2, டி3 பக்கம் மட்டும். அசைவுக்கு லெவோடோபாவை எந்த அகோனிஸ்டும் (இவை போல ஏற்பியை நேரடியாகத் தூண்டும் மருந்து) முந்தாததற்கு இதுவும் ஒரு காரணம். 1,620 பேரை வைத்துச் செய்த பிடி மெட் ஆய்வு (2014) நோயாளிகளே சொன்ன நடமாட்டக் கணக்கில் லெவோடோபாவுக்குச் சிறிய ஆனால் நிலையான முன்னிலை காட்டியது. ‘சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்’ என்று லெவோடோபாவைத் தள்ளிப்போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2019-இல் வந்த லீப் ஆய்வில் 40 வாரம் முன்னதாக ஆரம்பித்தவர்களுக்கும் பிறகு ஆரம்பித்தவர்களுக்கும் 80 வார முடிவில் வித்தியாசம் இல்லை. தள்ளிப்போட்டு யாரும் எதையும் சேமிக்கவில்லை.

அகோனிஸ்டை நான் எடுப்பது இளம் வயதில் வந்தவருக்கு, நினைவு தெளிவாக இருப்பவருக்கு. பிராமிபெக்சோல் 0.125 மி.கி. மூன்று வேளையில் ஆரம்பித்து, வாரம் ஒரு படியாக 0.25, பிறகு 0.5. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிரியாட்டினின் ஏறியிருந்தால் அளவைக் குறைத்தே ஆகவேண்டும். ரோப்பினிரோல் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதி வழியாகப் போகிறது. சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃபிளாக்சசின் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டி3 ஏற்பி உணர்ச்சி, ஆசை சம்பந்தப்பட்ட பகுதியில் அதிகம். 3,090 பேரைப் பார்த்த டொமினியன் ஆய்வில் (2010) அகோனிஸ்ட் எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு ஆசையை அடக்க முடியாத பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஆன்லைன் ரம்மி, தேவையில்லாத கொள்முதல், இரவில் எழுந்து சாப்பிடுவது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார். மனைவியையோ மகனையோ தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு, முன்னறிவிப்பில்லாத தூக்கம். ஜீப், பிக்கப், லாரி ஓட்டுகிறவருக்கு அகோனிஸ்ட் எழுதும்போது, மலைப்பாதையில் வண்டி ஓட்டாதீர்கள் என்று சீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

குன்னூர்_ஃபார்மசி

டாக்டர் சொன்னதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டிய ஒன்று கவுன்டரில் இருக்கிறது.

லெவோடோபா-கார்பிடோபா மாத்திரையில் 110 என்றால் 100 மி.கி. லெவோடோபா, 10 மி.கி. கார்பிடோபா. பிளஸ் அல்லது 125 என்றால் 100-ம் 25-ம். 275 என்றால் 250-ம் 25-ம். கார்பிடோபாவின் வேலை உடம்பில் வேறெங்கும் டோபமினாக மாறாமல் மருந்தை மூளைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா தேவை. 110 மூன்று வேளை போட்டால் 30 மி.கி.தான் கிடைக்கிறது. மீதி லெவோடோபா வெளியிலேயே டோபமினாகி, மூளைத்தண்டில் ரத்தத் தடுப்புக்கு வெளியே இருக்கும் வாந்தி மையத்தின் டி2-ஐத் தொடுகிறது. குமட்டல். குமட்டலுக்கு ஒரு மாத்திரை கேட்டு வருகிறார். இங்கேதான் காரியம் கெடுகிறது.

வாந்தி நிறுத்தும் மாத்திரைகளில் பல டி2-ஐ அடைப்பவை, அதுவும் மூளைக்குள் போய் அடைப்பவை. மெட்டோகுளோபிரமைடு (பெரினார்ம்), புரோகுளோர்பெரசின் (ஸ்டெமெட்டில்). இவற்றை விட அதிகம் போவது லெவோசல்பிரைடு. ரபெப்ரசோல், ஈசோமெப்ரசோல், பான்டோப்ரசோல் கேப்சூலோடு 75 மி.கி. சேர்ந்து வருகிறது. நோயாளிக்கு அது ‘கேஸ் மாத்திரை’. பல கம்பெனிகளின் அட்டையில் பெயருக்குப் பின்னால் டி என்றிருந்தால் டொம்பெரிடோன், எல் என்றிருந்தால் லெவோசல்பிரைடு. ஆனாலும் எழுத்தை நம்பாமல் அட்டையின் பின்பக்கம் உள்ளடக்கத்தைப் படிக்கத்தான் வேண்டும்.

மலையில் இன்னொரு வழியும் உண்டு. மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி வரும் என்று முன்கூட்டியே மாத்திரை கேட்பார்கள். தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி என்று வருபவருக்கு சின்னாரிசின், ஃபுளுனாரிசின் போகிறது. அவை கால்சியம் மருந்து என்ற பெயரில் இருந்தாலும் டி2-ஐயும் அடைக்கின்றன. ஆவோமின், ஃபெனர்கன் இரண்டிலும் இருப்பது புரோமெத்தசின். அதுவும் ஓரளவு அடைக்கும், வயதானவருக்குக் குழப்பமும் தரும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? லெவோடோபா தரும் குமட்டலுக்கு முதல் வேலை 110-ஐ பிளஸ்ஸாக மாற்றித் தரச் சொல்லி மருத்துவரைக் கேட்பது. அதற்கும் அடங்காவிட்டால் டொம்பெரிடோன் 10 மி.கி., மூன்று வேளைக்கு மேல் இல்லை. மூளைக்குள் அதிகம் போகாது. இதயத்தில் க்யூடி (இசிஜியில் அளக்கும் ஒரு இடைவெளி) நீளும் என்பதால் இசிஜி பார்த்துக் கொடுக்க வேண்டும், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃபுளூக்கோனசோல் கூடச் சேர்க்கக்கூடாது. பயண வாந்திக்கு டொம்பெரிடோன் பெரிதாக உதவாது, ஏனென்றால் அது காதின் சமநிலை உறுப்பிலிருந்து ஹிஸ்டமின் வழியாக வருவது. முன்சீட்டு, அரை வயிறு, தூரத்தில் பார்வை. போதவில்லை என்றால் மெக்லிசின் 25 மி.கி. ஒரு மணி நேரம் முன்பு, அதுவும் நினைவுக் குழப்பம் இல்லாதவருக்கு மட்டும்.

தொட்டபெட்டா2637

மிக முக்கியமான பதிவு. ஒன்று சேர்க்கிறேன்: பார்க்கின்சன் நோயாளி ‘தலை சுத்துது’ என்று சொல்வதில் பெரும்பங்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது. அதற்கு ஸ்டெமெட்டில் கொடுத்தால் டி2-ஐ அடைப்பதோடு ரத்தக்குழாயின் ஆல்ஃபா ஏற்பியையும் அடைத்து அழுத்தத்தை இன்னும் இறக்குகிறோம். இரட்டை நஷ்டம்.

கேள்வி: லெவோசல்பிரைடு எடுத்தவருக்கு நடுக்கமும் மந்தமும் வந்தால், அது மருந்தால் வந்ததா, உள்ளே இருந்த பார்க்கின்சன் வெளியே வந்ததா என்று இங்கேயே எப்படிப் பிரிப்பது?

நரம்பு_கோவை

நேரில் பார்க்கும்போது சில குறிப்புகள். மருந்தால் வந்தது வாரக் கணக்கில் வேகமாக ஏறும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். கூடவே வாய், நாக்கு, தாடை அசைவு இருந்தால் சந்தேகம் உறுதியாகும். பார்க்கின்சன் ஒரு பக்கம் ஆரம்பிக்கும், மாதக் கணக்கில் வளரும்; வாசனை தெரியாமல் போனது, பல வருட மலச்சிக்கல், தூக்கத்தில் கையைக் காலை வீசுவது ஆகியவை முன்னாலேயே இருந்திருக்கும். இவை எதுவும் நூற்றுக்கு நூறு இல்லை.

முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். வாரக் கணக்கில் தெளிய ஆரம்பிக்கும், முழுவதும் தெளிய ஆறு மாதம் வரை ஆகலாம். ஃபுளுனாரிசின் உடம்பை விட்டுப் போவதே மெதுவாக. அதன் அரைவாழ்வு இரண்டு வாரத்துக்கு மேல். ஒரு மாதத்தில் தெளியவில்லை என்று அவசரப்பட்டு லெவோடோபா ஆரம்பிக்க வேண்டாம். ஏற்பி அடைபட்டிருக்கும்வரை அதற்கும் பலன் குறைவு. ஆறு மாதம் தாண்டியும் இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் மோசமானாலோ டிரோடாட் ஸ்கேன். அது டோபமின் நரம்பு முனைகளைப் படம் எடுக்கிறது. மருந்தால் வந்ததென்றால் முனைகள் நன்றாக இருக்கும், படம் இயல்பாக வரும். பார்க்கின்சனில் குறைந்திருக்கும்.

லவ்டேல்_சிஸ்டர்

ஏற்பிக்கு மருந்து போய்ச் சேர்வதற்கு முன்னால் நடக்கும் ஒன்று, வீட்டுக்கு வீடு பார்க்கலாம்: காலை ஆறு மணிக்குப் பால் டீயோடு மாத்திரை. லெவோடோபா குடலிலும் மூளை வாசலிலும் புரதத்தின் அமினோ அமிலங்களோடு ஒரே கதவில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. ஆரம்ப வருடங்களில் இது தெரியாது. மருந்து நேரம் குறுகிப்போன பிறகு ஒரு டம்ளர் பாலே காலை மாத்திரையை அரை மணி நேரம் தாமதமாக்கிவிடும். சாதாரணத் தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி கழித்து டீ குடிக்கச் சொல்லுங்கள். உணவுக்கு அரை மணி முன்பு, அல்லது உணவு முடிந்து ஒரு மணி கழித்து. நம் பக்கத்தில் மதியம் அவரையும் பீன்ஸும் பட்டாணியும் இருக்கும். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை ‘மருந்து ஏறவில்லை’ என்று வந்தால் அன்று மதியச் சாப்பாட்டைக் கேட்டுவிட்டுப் பிறகு அளவைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். புரதத்தை இரவுக்கு நகர்த்தினால் போதும், நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே எடை குறைந்துகொண்டிருப்பார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணி இடைவெளி வேண்டும். சிஆர் மாத்திரையை உடைத்துப் பொடித்துக் கொடுப்பதையும் பார்க்கிறோம். அப்படிக் கொடுத்தால் மெதுவாக வெளியாகும் தன்மையே போய்விடுகிறது. மலச்சிக்கல் இருக்கும் நாளில் மாத்திரை இரைப்பையிலேயே தங்கிவிடும்.

டீ பற்றி ஒரு கேள்வி. கஃபீன் ஏ2ஏ-வை அடைக்கும் என்கிறார்கள். டீ, காபி அதிகம் குடிப்பவருக்குப் பலன் உண்டா?

மருந்தியல்_வாத்தியார்

சிஸ்டர், கஃபீன் ஏ1, ஏ2ஏ இரண்டையும் அடைக்கிறது, அதுவும் மெலிதாக. 8,000-க்கு மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2000-இல் வெளியான ஹோனலூலு ஆய்வில் காபி அதிகம் குடித்தவர்களுக்குப் பார்க்கின்சன் வருவது குறைவாக இருந்தது. அது வராமல் இருப்பது பற்றிய கணக்கு. வந்தவருக்கு தினம் இருவேளை 200 மி.கி. கஃபீன் கொடுத்துப் பார்த்த கஃபே-பிடி ஆய்வில் (2017) அசைவில் முன்னேற்றம் எதுவும் வரவில்லை. ஒரு டம்ளர் டீயில் ஏறத்தாழ 30 முதல் 50 மி.கி. கஃபீன்தான் இருக்கும். நோயாளி டீ குடிக்கட்டும், மருந்தாக நினைத்துக் கூட்ட வேண்டாம். இரவுத் தூக்கம் கெடும், சிறுநீர் நெருக்கும்.

மருந்தாக வந்தது இஸ்ட்ரடெஃபிலின். ஏ2ஏ-வை மட்டும் குறிவைத்து அடைக்கிறது. ஜப்பானில் 2013, அமெரிக்காவில் 2019. லெவோடோபாவோடு சேர்த்து 20 அல்லது 40 மி.கி., நாளுக்கு ஒருமுறை. நாளில் மருந்து வேலை செய்யாத நேரத்தைக் குறைக்கும், அந்தக் குறைவு சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. நெளிவு கொஞ்சம் கூடலாம். நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு 40 தேவைப்படும், புகை அந்த மருந்தை வேகமாகக் கரைக்கிறது. இதே ஏ2ஏ-வை நம்பி வந்த பிரெலடெனன்ட் மூன்றாம் கட்டத்தில் பலன் காட்டவில்லை. டோசடெனன்ட் 2017-இல் வெள்ளணு வீழ்ச்சியால் உயிரிழப்பு ஏற்பட்டு நிறுத்தப்பட்டது.

நரம்பு_கோவை

அந்த ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பலனுக்கு முன்னால், இருக்கும் லெவோடோபாவை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுவே. லெவோடோபாவின் அரைவாழ்வு ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்தில் மிஞ்சியிருக்கும் நரம்பு முனைகள் டோபமினைச் சேர்த்து வைத்து மெதுவாக விடுகின்றன, அதனால் மூன்று வேளை போதும். முனைகள் அழிந்த பிறகு சேர்த்து வைக்க இடமில்லை. அப்போது காலை 8, மதியம் 2, இரவு 8 என்று அதே மூன்று வேளையில் வைத்து ஒவ்வொரு வேளையையும் 275-ஆக ஏற்றினால், ஏற்பிகள் ஒரு மணி நேரம் வெள்ளத்திலும் மூன்று மணி நேரம் வறட்சியிலும் இருக்கும். நெளிவு வந்து சேரும்.

முதலில் மூன்று நாளுக்கு அரை மணிக்கு ஒருமுறை குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் நேரம் எழுதி, பக்கத்தில் மூன்றே குறி: நடமாட முடிகிறது, முடியவில்லை, உடம்பு நெளிகிறது. மாத்திரை, சாப்பாடு நேரமும் வேண்டும். அதை வைத்துத்தான் இடைவெளியை 6 மணியிலிருந்து 4-க்கு, 4-லிருந்து 3-க்குக் கொண்டுவருகிறோம். அதன் பிறகு, மருந்து சீக்கிரம் சிதையாமல் தடுக்க, என்டகபோன் 200 மி.கி. ஒவ்வொரு லெவோடோபாவோடும், அல்லது ரசாகிலின் 1 மி.கி. ஒரு வேளை.

மருந்தியல்_வாத்தியார்

டாக்டர் சொன்ன வெள்ளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டோபமின் முனைகள் போன பிறகு செரட்டோனின் நரம்பு முனைகள் லெவோடோபாவை எடுத்து டோபமினாக்கி வெளியே தள்ளுகின்றன. எவ்வளவு தள்ளினோம் என்று பார்த்து நிறுத்தும் டி2 தன்னேற்பி அவற்றில் இல்லை. அந்த முனைகளை 5-எச்டி1ஏ என்ற செரட்டோனின் ஏற்பி வழியாக அடக்கலாம் என்று சாரிசோட்டனை முயன்றார்கள், பெரிய ஆய்வில் தேறவில்லை. குளூட்டமேட்டின் எம்ஜிளூஆர்5 ஏற்பியை அடைக்கும் மவோகுளூரன்டும் அப்படியே. நெளிவுக்குக் கையில் உள்ளது என்எம்டிஏ-வை அடைக்கும் அமன்டடின்தான்.

டி1 பக்கம் ஒரு செய்தி. டவபடோன் என்ற டி1, டி5 பகுதித் தூண்டியின் மூன்றாம் கட்ட ஆய்வுகள் 2024-இல் சாதகமான முடிவு காட்டியுள்ளன. நாளுக்கு ஒரு வேளை. டி3-ஐத் தொடாததால் ஆசைக் கோளாறு குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை உண்டு. ஆனால் பழகிப்போன பல வருடப் பயன்பாட்டில் நெளிவு எப்படி இருக்கும் என்பதற்கு வருடங்கள்தான் பதில் தர வேண்டும்.

தொட்டபெட்டா2637

அமன்டடின் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நரம்பு_கோவை

100 மி.கி. காலையும் மதியமும். இரண்டாவது மாத்திரை மாலை நாலு மணிக்கு மேல் போனால் தூக்கம் போகும். கணுக்கால் வீக்கம், காலில் வலைபோலச் சிவப்புக் கோடு வரும். மலைக்குளிரில் அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் மந்தமானால் மாயக்காட்சி. அப்படி வந்தால் குறைக்கும் வரிசை: முதலில் டிரைஹெக்சிஃபெனிடில், அடுத்து அமன்டடின், பிறகு அகோனிஸ்ட், கடைசியில்தான் லெவோடோபா. ஹாலோபெரிடால் ஊசி மட்டும் வேண்டாம். மருந்து தேவைப்பட்டால் குவெட்டியாபின் சிறு அளவில், இல்லையென்றால் ரத்த அணு எண்ணிக்கை பார்த்து குளோசபின்.

பிசியோ_கூடலூர்

ஐந்தாவது கோளாறுக்கு யாரும் வரவில்லை. கால் ஒட்டிக்கொள்வது. இதை டோபமின் ஏற்பிகள் மட்டும் ஆளவில்லை, மூளைத்தண்டின் அசிட்டைல்கோலின், அதே தண்டில் உள்ள லோகஸ் செருலியஸின் நோர்அட்ரினலின் இரண்டும் சேர்ந்தே ஆளுகின்றன. மாத்திரை நேரம் தீரும்போது மட்டும் ஒட்டுகிறதா, மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் ஒட்டுகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவதற்கு லெவோடோபாவைச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு லெவோடோபாவைக் கூட்டினால் மோசமாகலாம்.

மருந்தில் ரிவாஸ்டிக்மினுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2016-இல் வந்த 130 பேர் ஆய்வில் 32 வாரத்தில் அடிக்கு அடி நேரம் மாறுபடுவது குறைந்தது, விழுவதும் குறைந்தது. குமட்டல் அதிகம். அசிட்டைல்கோலினைக் கூட்டும் ரிவாஸ்டிக்மினும் அதை அடைக்கும் டிரைஹெக்சிஃபெனிடிலும் ஒரே சீட்டில் இருந்தால் ஒன்று மற்றதை அழிக்கிறது. சீட்டில் கண்டால் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: கால் ஒட்டும் இடத்தை முதலில் குறியுங்கள். கதவு வாசல், கழிவறை முகப்பு, கட்டில் ஓரம். அங்கே தரையில் நிறம் பளிச்சென்று தெரியும் டேப்பை குறுக்கே 40 முதல் 50 செ.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும், ஏனென்றால் கண் வழியாகப் போகும் கட்டளை பேசல் கேங்லியாவை (ஸ்ட்ரையாட்டம் அடங்கிய அசைவுச் சுற்றை) சுற்றிக்கொண்டு போகிறது. திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அரைவட்டம் போட வேண்டும். கையில் தட்டோ வாளியோ இருக்கக்கூடாது, நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது.

நம் பக்கத்தில் மட்டும் வரும் பிரச்சினை இறக்கம். எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் கல்படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, மழையில் பாசி பிடிக்கும். பார்க்கின்சனில் உடம்பு முன்னால் சாய்ந்திருப்பதால் ஏறுவதை விட இறங்கும்போதுதான் குறுகிய வேக அடி வைத்து ஓடிவிடுவார்கள். பிடிமானம் ஒரு பக்கத்துக்காவது வேண்டும். ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து நின்று அடுத்த படி. படி விளிம்பில் வெள்ளைப் பெயின்ட். கூட வருபவர் பின்னால் வராமல் ஒரு படி கீழே பக்கவாட்டில் நிற்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக்கூடாது.

குன்னூர்_ஃபார்மசி

டிரைஹெக்சிஃபெனிடிலை முழுக்க ஒதுக்கச் சொல்கிறீர்களா? பல சீட்டில் வருடக்கணக்கில் 2 மி.கி. மூன்று வேளை ஓடுகிறது.

பிசியோ_கூடலூர்

ஒதுக்கச் சொல்லவில்லை. ஐம்பது வயதில், நடுக்கமே முக்கியத் தொந்தரவாக, நினைவு தெளிவாக இருப்பவருக்கு அதற்கு இடமுண்டு. எழுபது தாண்டி, மறதி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், கண் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவருக்கு வேண்டாம். நிறுத்துவதாக இருந்தால் வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக.

லவ்டேல்_சிஸ்டர்

இறக்கம் என்றதும் நினைவுக்கு வந்தது, ரத்த அழுத்தம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் அடிவாரம். இறங்கியதும் வெயில், ரத்தக்குழாய் விரியும். அதற்கு மேல் லெவோடோபாவும் அகோனிஸ்டும் அழுத்தத்தை இறக்குபவை. கோவை மருத்துவமனையில் காரிலிருந்து எழுந்து நிற்கும்போதே விழுவார்கள். புறப்படும் முன் இங்கேயே பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் இரண்டு அளவு. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் பயண நாளில் அழுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள், தண்ணீர் கூட்டுங்கள், இறங்கும் முன் சீட்டிலேயே காலை அசைத்து ஒரு நிமிடம் உட்கார வையுங்கள்.

தொட்டபெட்டா2637

கடைசியாக இரண்டு. பூனைக்காலி விதைப்பொடி வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மண்சரிவில் சாலை மூடினால் மாத்திரை தீர்ந்துபோகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

மருந்தியல்_வாத்தியார்

பூனைக்காலியில் இருப்பது உண்மையான லெவோடோபாதான், விதையில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம். 2004-இல் எட்டுப் பேரிடம் செய்த ஆய்வில் 30 கிராம் பொடி சாதாரண மாத்திரையை விட வேகமாக ஏறியது. சிக்கல் வேறிடத்தில். பொடியை மட்டும் சாப்பிட்டால் கார்பிடோபா இல்லாததால் பெரும்பகுதி வெளியிலேயே வீணாகிறது. ஆனால் ஏற்கெனவே கார்பிடோபா சேர்ந்த மாத்திரை எடுப்பவர் அதே நேரத்தில் பொடியும் சாப்பிட்டால் அந்த வீண் நிற்கிறது. 10 கிராம் பொடி 400 முதல் 600 மி.கி. லெவோடோபாவாக முழு வீச்சில் மூளைக்குப் போகலாம். ஒரு வேளைக்கு 100 மி.கி. எடுப்பவருக்கு அது நான்கு முதல் ஆறு மடங்கு. நெளிவு, மாயக்காட்சி, அழுத்தம் சரிவது எல்லாம் அதில் வரும். கடைப்பொடியில் சதவீதம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். சாப்பிடுவதைத் திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், திட்டினால் மறைப்பார்கள்.

குன்னூர்_ஃபார்மசி

மாத்திரை தீர்வது பற்றி. லெவோடோபாவையோ அமன்டடினையோ திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பு, காய்ச்சல், குழப்பம் வரும்; ரத்தத்தில் சிகே (தசை சிதைவதைக் காட்டும் அளவு) ஏறும், சிறுநீரகம் பாதிக்கும். உயிருக்கு ஆபத்து. அது வெறும் காய்ச்சல் இல்லை என்று மருத்துவமனையில் முதல் வார்த்தையாகவே சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், ஜூனுக்கு முன் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் மூன்று வார மாத்திரை கையில் இருக்கட்டும்.

கிடைப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய நாளில்: பிளஸ் இல்லை, 110 இருக்கிறது என்றால் எண்ணிக்கை மாறாது, லெவோடோபா இரண்டிலும் 100-தான், குமட்டல் கூடும் என்று சொல்லி, புரதம் குறைந்த சிறு உணவோடு கொடுக்கலாம். 275 மட்டும் இருந்தால் பாதி மாத்திரையில் 125 மி.கி.; முழு மாத்திரையை பிளஸ்ஸுக்கு பதிலாகக் கொடுத்தால் இரண்டரை மடங்கு. சிஆர் 250-இல் 200 இருந்தாலும் உடம்பில் ஏறுவது முக்கால் பங்கு, அதாவது சாதாரண மாத்திரையின் 150-க்குச் சமம். பிராமிபெக்சோல் 1 மி.கி. ஏறத்தாழ 100 மி.கி. லெவோடோபாவுக்கும், ரோப்பினிரோல் 5 மி.கி. அதே 100-க்கும் ஈடு. இந்தக் கணக்கு மருத்துவரிடம் போனில் பேசும்போது கையில் இருக்கத்தான். மாற்றும் முடிவு அவருடையது. போனில் முதலில் சொல்ல வேண்டியது கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போனது என்பது.